முழங்கால் இறைச்சி

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுக்குத்தான் மாட்டிறைச்சி. பாறசாலைச் சந்தையை ஒட்டிய கடையில் வெட்டுவார்கள். தொடைக்கறியையும் ஈரலையும் வசதியுள்ளவர்கள் காலையிலேயே வாங்கிப் போய்விடுவார்கள். வெயில் ஏறியபிறகு மிஞ்சுவது கழுத்தும், முழங்காலுக்குக் கீழே வெள்ளை நரம்பு ஓடுகிற பாகமும்தான். விலை குறைவு, லேசில் வேகாது. அதைத்தான் என் வீட்டுக்காரர் தேக்கிலையில் பொதிந்து கொண்டுவருவார்.

நான் அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். பிறந்த வீடு களியக்காவிளைக்குத் தெற்கே. மாமியார் போனபிறகு அகப்பை என் கைக்கு வந்தது. மல்லி, வற்றல் மிளகாய், நல்லமிளகு, தேங்காய் எல்லாம் சிவக்க வறுத்து, அம்மியில் மையாக அரைத்து, இறைச்சியோடு உப்பும் சேர்த்து ஒன்றாக அடுப்பேற்றிவிடுவேன். குழம்பின் மணம் ரோட்டுவரை போகும். கறி கொஞ்சம் கட்டியாக இருக்கும். இறைச்சி என்றால் மெல்லத்தான் வேண்டும், அது பாயசம் இல்லையே.

பிறகு கொழுந்தன் காட்டாக்கடையிலிருந்து பெண் கட்டிவந்தார். எங்களைப் போல அவளும் மிஷன் சபைக்காரிதான், ஆனால் வீட்டுப்பேச்சு மலையாளம். தலைமுடி இடுப்புக்குக் கீழே கிடக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. முடி கறியில் விழும் என்று மட்டும் சொன்னேன். ஒருநாளும் விழவில்லை.

எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு சனிக்கிழமை அவள் இறைச்சி வைத்தாள். மதியமே மண்சட்டியை அடுப்பில் ஏற்றி, மூடி, தீயைத் தணித்து அப்படியே விட்டுவிட்டாள். அந்தியானதும் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி, கறிவேப்பிலையும் சின்ன உள்ளியும் நல்லமிளகும் சேர்த்து எண்ணெயில் பொரித்து, வெந்த இறைச்சியை அதில் தட்டிப் புரட்டினாள். மரச்சீனிக்கிழங்கோடு விளம்பினாள். நரம்பெல்லாம் மெழுகுபோல ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் விரலை நக்கியதை நான் பாயில் கிடந்தபடி பார்த்தேன். என் கறிக்கு அவர் ஒருநாளும் விரலை நக்கியதில்லை.

அடுத்த சனிக்கிழமை காய்ச்சல் விட்டு நான் எழுந்துவிட்டேன். அவர் தேக்கிலைப் பொதியை என் கையில் தராமல் அவள் முன்னால் வைத்தார்.

"இறைச்சியை அவ வைக்கட்டு. நீ கிழங்கை அவி" என்றார்.

மூத்தவள் கிழங்கு அவிக்க வேண்டும், இளையவள் இறைச்சி வைக்க வேண்டும். சில சனிக்கிழமைகள் அப்படியே போயின. அவள் சட்டிக்குள் என்ன போடுகிறாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். எனக்கு இறைச்சி வைக்கத் தெரியாதா என்ன.

அந்த வருஷங்களில்தான் எல்லைப் போராட்டம். பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. என் வீட்டுக்காரர் தொண்டை கட்ட முழக்கம் போடுகிற ஆள். ஒரு சனிக்கிழமை அந்திக் கூட்டத்தில் பேச வருகிறவரையும் கூட வருகிற நாலைந்து பேரையும் இரவுச் சாப்பாட்டுக்குக் கூட்டிவருவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

வெளியூர் ஆட்கள் வந்து சாப்பிடுகிற அன்று மூத்த மருமகளின் கறி பந்திக்கு வரவில்லை என்றால் பிறகு என்றைக்கும் வராது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பொதியை நான் முந்தி எடுத்தேன். கத்தியால் நடுவே பகுத்தேன்.

"பாதி உனக்கு, பாதி எனக்கு" என்றேன் அவளிடம்.

"சேச்சி சொல்லுந்நபோல" என்றாள். முகம் கோணவில்லை. அவளுக்கு எதற்கும் முகம் கோணாது, அதுதான் எனக்குப் பிடிக்காதது.

அன்று நான் அரைத்த அரைப்பைப் போல அதற்கு முன்னும் அரைத்ததில்லை, பின்னும் அரைத்ததில்லை. கூட்டம் முடிந்து இரவில் ஆண்கள் வந்து இலை முன் உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் இறைச்சி தொடாதவர் ஒருவருக்குப் பயிற்றுத் துவரன் வைத்தோம். மற்றவர்களுக்கு இரண்டு கறியும் விளம்பிவிட்டு, நாங்கள் இருவரும் அடுக்களைக் கதவின் பின்னால் நின்றோம்.

குளத்தூர்க்காரர் ஒருவர் என் குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்து இழுத்தார். அது வரவில்லை.

"எலே, இது மாடா, மாடு கட்டின கயிறா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பேச வந்தவர் சிரிக்கவில்லை. அவர் அவளுடைய கறியில் மூழ்கியிருந்தார். "இதாக்கும் நம்ம தமிழ் வீட்டுக் கைப்பாகம்" என்றார். "இந்த ருசி மலையாளத்துக்காரிக்கு வருமா? யாரு வச்சது?"

என் வீட்டுக்காரர் ஒரு நிமிஷம் இலையைப் பார்த்தார்.

"எனக்க வீட்டுக்காரி வச்சதாக்கும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "அந்தக் குழம்பு தம்பிக்க பெண்டாட்டி வச்சது. காட்டாக்கடைக்காரி. அவளுக்கு நம்ம முறை தெரியாது."

பக்கத்தில் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தன் இலையில் கிழங்கைப் பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவளுக்காக என்று நினைக்க வேண்டாம். காலையிலிருந்து கை கடுக்க அரைத்தவள் நான். அந்தக் குழம்பு நல்லதோ கெட்டதோ, என்னுடையது. அதை எடுத்து அவள் பேரில் எழுதிவிட்டு, அவளுடைய புகழை எனக்குப் பிச்சையாகப் போடுகிறாரே இந்த மனுஷன். அவளுடைய எச்சிற்புகழ் எனக்கு எதற்கு?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே வந்தேன்.

"கட்டியா இருக்கப்பட்ட கறி நான் வச்சது" என்றேன். "நீங்க ருசின்னு சொல்லுதது அந்தக் காட்டாக்கடைக்காரி வச்சது. ஆளு மாறிப்போச்சு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. பேச வந்தவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாவகாசமாக அதை வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்போ காட்டாக்கடையையும் தமிழ்நாட்டோட சேத்துக் கேக்க வேண்டியதுதான்" என்றார்.

வீடே அதிர்ந்தது சிரிப்பில். குளத்தூர்க்காரருக்குப் புரை ஏறியது. கொழுந்தனும் சிரித்தார். என் வீட்டுக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவளுடைய சட்டி காலியாகி வந்தது. என் சட்டியில் பாதி கிடந்தது. அவளுடைய ஒரு சட்டி கறிக்காக ஒரு ஊரையே கேட்கப் போகிறார்கள். எனக்கு என்ன கேட்டார்கள்? குடிக்க வெந்நீர் கேட்டார்கள்.

அவர்கள் போனபின் நான் கிணற்றடியில் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"சேச்சி, உப்பு முதல்ல இட வேண்டா. வெந்தபிறகு இட்டா மதி. பின்ன ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டு சட்டியில இடணும். நரம்பு தானே இளகும்."

கேட்காமலே சொன்னாள். நானாக இருந்தால் சாகும்வரை சொல்லியிருக்க மாட்டேன். அவ்வளவு எளிதாகக் கொடுத்துவிடுகிற அளவுக்கு அவளிடம் நிறைய இருந்தது.

"அது எனக்கும் தெரியும்" என்றேன். தெரியாது.

பிறகு சனிக்கிழமை இறைச்சி அவளுக்கே என்று ஆகிவிட்டது. நான் கிழங்கு அவித்தேன். எல்லை போட்டபோது கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. என் பிறந்த வீடு தமிழ்நாட்டுப் பக்கம், நான் மலையாளப் பக்கம். அவள் இருந்த இடத்தில் இருந்தபடியே சொந்த நாட்டுக்காரி ஆகிவிட்டாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

கொழுந்தனுக்கு வேலை மாறி அவர்கள் காட்டாக்கடைக்கே குடிபோனார்கள். தேக்கிலைப் பொதி மறுபடி என் கைக்கு வந்தது. அன்று வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, சிரட்டைத் துண்டு ஒன்றைக் கழுவிச் சட்டியில் போட்டேன். உப்பைக் கடைசியில் போட்டேன். இறைச்சி மெழுகாக வெந்தது. தேங்காய்க் கீற்று மட்டும் சேர்க்கவில்லை. என் அரைப்பைத்தான் ஊற்றினேன்.

அவர் ஒரு வாய் உண்டார். கண்ணை மூடினார்.

"ஏட்டி, இது அப்படியே அவ வச்சது போல உண்டு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை சிரட்டைத் துண்டை அடுப்பில் போட்டு எரித்தேன். உப்பைப் பழையபடி முதலிலேயே போட்டேன். அவர் நெடுங்காலம் இருந்தார், பல்லும் நல்ல பல். போகும்வரை சனிக்கிழமைதோறும் என்னுடைய கறியை மென்றுதான் தின்றார்.