மிசி, ஏறியாச்சோ?

கந்தவனம் ஓவசியர் காலமாகிவிட்டார் என்ற செய்தி முரசுமோட்டைக்கு வந்தபோது, எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "மோட்டார் சைக்கிளாலையோ?" இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் படுத்தவர் எழும்பவில்லை. என்னால் நம்பவே முடியவில்லை. அவருக்குப் பின்னால் ஒருமுறையாவது ஏறிய எவரும் நம்பமாட்டார்கள்.

நான் இந்தப் பகுதிக்கு மருத்துவிச்சியாக, ஊரார் வாயில் 'மிசி'யாக, வந்தபோது எனக்கு வாகனம் என்று ஒன்றும் இல்லை. வாய்க்கால் பார்க்கும் ஓவசியருக்கு மட்டும் கவுண்மேந்து ஒரு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தது. குமர்ப்பிள்ளை ஒருத்தி அந்நிய ஆணின் பின்னால் இருந்து போவதா என்று ஊர் வாய் திறக்குமுன், அவருடைய மனைவியே பின் சீற்றுக்கு இலவம்பஞ்சில் மெத்தை தைத்துக் கட்டி, என்னைக் கையில் பிடித்து ஏற்றிவிட்டா. அதற்குப் பிறகு யார் என்ன கதைக்க முடியும்?

ஆனால், ஐயோ, அந்தச் சவாரி! றோட்டில் காயப்போட்ட நெல்லில் சில்லு வழுக்கும். எருமைகள் வழிவிடாமல் நின்று எங்களையே பார்க்கும். சந்தியில் ஒரு கறுத்த நாய் எங்களுக்கென்றே காத்திருக்கும். அதைக் கண்டதும் ஓவசியர் இரண்டு காலையும் மேலே தூக்கிவிடுவார். பக்கவாட்டில் சேலையோடு இருக்கிற நான் எதைத் தூக்குவது? "விழுகிறதெண்டால் வயல் பக்கமாய் விழுங்கோ மிசி. வாய்க்கால் கட்டு உடைஞ்சால் நான்தான் திருத்த வேணும்" என்பார். சிரிப்பதா, திட்டுவதா என்று தெரியாது. நான் இரண்டையும் செய்வேன்.

விசுவமடுவில் பரமேஸ்வரிக்குத் தலைப்பிள்ளை. விடியத் தொடங்கின நோ இன்னும் பிள்ளையைத் தரவில்லை என்று ஆள் வந்தது. பறந்தோம். காடு தொடங்கும் இடத்தில் ஒரு பாலை மரம் நிற்கிறது. அதன் அடியில் இலைக் குழை ஒன்றை முறித்து வைத்துக் கும்பிடாமல் வன்னியில் எவரும் காட்டுக்குள் போவதில்லை. என்ன அவசரமென்றாலும் அது அது தான். அந்த மோட்டார் சைக்கிளோ சூட்டில் நின்றால் தள்ளாமல் எழும்பாது. ஆகவே ஓவசியர் இயந்திரத்தை உறுமவிட்டபடி இருக்க, நான் இறங்கினேன். கை இரண்டும் வேண்டுமென்று என்னுடைய பையைத் தூக்கிப் பின் சீற்றில் வைத்தேன். குழையை முறித்துக் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் புழுதிதான் நிற்கிறது!

பை சீற்றில் பொத்தென்று விழுந்ததை நான் ஏறியதாக நினைத்து மனுசன் போய்விட்டார். போகும் வழியெல்லாம் தண்ணீர் திறக்கிற குளத்துத் துருசைப் பற்றிப் பையோடு கதைத்துக்கொண்டே போயிருக்கிறார். வாசலில் நிறுத்தி, "இறங்குங்கோ மிசி" என்று திரும்பினால் பை இருக்கிறது. பரமேஸ்வரியின் தாய் தலையில் அடித்துக்கொண்டு கேட்டாவாம்: "பையை ஏன் கொண்டு வந்தனீங்கள்? பை பிள்ளை பெறுவிக்குமோ?"

நான் ஓடிக்கொண்டிருந்தேன். எங்கோ பக்கத்தில் யானை கொப்பு முறிக்கிற சத்தம். அதைவிட, அந்த வீட்டில் ஒரு பெண் படுகிற பாடுதான் என்னைத் துரத்தியது. நான் திட்டிய திட்டெல்லாம் காட்டு மரங்களுக்குத்தான் தெரியும். கடைசியில் அந்த உறுமல் கேட்டது. முகம் வெளிறி வந்தவர், என்னைக் கண்ட பதற்றத்தில் பிரேக்கைப் போட, இயந்திரம் நின்றேவிட்டது. வெள்ளைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தள்ளினேன். அது இருமிக்கொண்டு எழும்ப, பின்னால் ஓடிப்போய்த் தாவினேன்.

"மிசி, ஏறியாச்சோ?"

"ஏறிட்டன், விடுங்கோ!"

நான் உள்ளே போனபோது தலை வெளியே வந்திருந்தது. கொடி கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. குழந்தை நீலம் பாரித்திருந்தது. கொடியைக் கழற்றி, கவிழ்த்துத் தட்டினேன். சத்தமில்லை. இன்னொருமுறை தட்டினேன். அழுதாள், என் ராசாத்தி! வெளியே வந்து பார்த்தால், ஓவசியர் மோட்டார் சைக்கிளில் முதுகைச் சாய்த்து மண்ணில் இருந்து, அவளைவிடப் பெரிதாக அழுதுகொண்டிருந்தார்.

பிழை பையினுடையது என்று அவர் கடைசிவரை சாதித்தார். அவருடையது என்று நானும் விடவில்லை. ஆனால் அன்றிலிருந்து, என் வாயால் பதில் வராமல் ஒருநாளும் அவர் கிளச்சை விட்டதில்லை.

செத்தவீட்டுக்குப் பரமேஸ்வரி மகளோடு வந்தாள். அந்தச் சின்னது மோட்டார் சைக்கிளின் மெத்தையைத் தடவிக்கொண்டு நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது புது ஓவசியர் என்னை ஏற்றிப் போகிறார். நல்ல பிள்ளை, மெதுவாகத்தான் ஓடுவார். முதல் நாள் பாலை மரத்தடியில் குழை வைத்துவிட்டு வந்து ஏறினேன். ஏறியாச்சோ என்று அவர் கேட்கவில்லை. என்னையறியாமல் வாய்விட்டே சொன்னேன்: "ஏறிட்டன், ஐயா."

"ஆரோடை கதைக்கிறீங்கள், மிசி?" என்று திரும்பிப் பார்த்தார்.

"ஒண்டுமில்லைத் தம்பி. இனிமேல் கேட்டுப்போட்டு எடுங்கோ."

கேட்டார். சேலையைச் சரிசெய்து, பாலை மரத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் நான் பதில் சொன்னேன். அதுவரை அந்தப் பிள்ளை கிளச்சைப் பிடித்தபடியே இருந்தார்.