வண்டி பேசும்க்கா

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், காட்டுப்பாக்கத்து உள்தெரு ஒன்றில் நடந்தது இது. மழை வரும் வரும் என்று மிரட்டிக்கொண்டே வராமல் நின்ற வானம். சாப்பிட்டுவிட்டு தெருவே படுத்துவிட்டது. ஒரு நாய் கூடக் குரைக்கவில்லை.

நாங்கள் பிழைப்புக்காகத் தெற்கேயிருந்து வந்து மாங்காட்டில் குடியிருப்பவர்கள். எனக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில். இத்தனை வருஷமும் ஒரே பைக்கில்தான் போய்வந்தோம். அவருக்கு முதுகில் டிஸ்க் விலகியதும், பைக்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு பஸ் மாறி நின்றுகொண்டே போய்வந்தவர், ஒருநாள் ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே, "பேசாம வேலைய விட்டுடவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தாங்கவில்லை. மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பழசானாலும் சரி, தினம் போய்வர ஒரு சின்னக் கார் வேண்டும்.

அவர் போனில் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். மைலேஜ், டிக்கி, ஏசி, தரையிலிருந்து எத்தனை உயரம், எல்லாம் அத்துப்படி. நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: முகம் சுளிக்காமல் அவர் ஏறி இறங்க முடிகிறதா? முதலில் பார்த்த கார் பெட்டி மாதிரி உயரம். ஏற இறங்க சுகம்தான், ஆனால் பைபாஸ் பாலத்தில் காற்றடித்தால் பக்கவாட்டில் தள்ளியது. இரண்டாவது தாழ்வானது. பெட்ரோலே குடிக்காது என்றார்கள். உள்ளே உட்காருவது கிணற்றுக்குள் இறங்குவது போலிருந்தது. எழுந்திருக்க என் கையைப் பிடித்துக்கொண்டார். மழை பெய்தால் பூந்தமல்லி ரோட்டில் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்று பயம் வேறு. மூன்றாவதைப் பார்க்கத்தான் காட்டுப்பாக்கம் போனோம்.

கூட்டிப்போன புரோக்கருக்கு வாய் ஓயாது. எனக்கு இப்படிப்பட்ட ஆட்களை ரொம்பப் பிடிக்கும். யார் எதைச் சொன்னாலும் அதில் ருசியானதாக ஒன்றைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். அவரிடம் பொறுக்கியது, "வண்டி பேசும்க்கா." எஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் அப்படிச் சொல்வார். முதல் காரும் பேசும், இரண்டாவதும் பேசும். இதைப் பற்றி, "இது பாடவே பாடும்க்கா, நீ ஒக்காந்து மட்டும் பாரு" என்றார்.

பச்சை கேட் போட்ட தனி வீடு. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வாசலில், புங்கமரத்தடியில், மேலெல்லாம் சருகு மூடி நின்றது கார். முன்னால் கட்டியிருந்த எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்திருந்தது. மாடிக் கொடியில் ஒரே ஒரு வேட்டி. காற்றே இல்லாததால் அது அசையாமல் தொங்கியது.

யாருடைய வண்டி என்று கேட்டேன். புரோக்கர் சாவியைத் துழாவிக்கொண்டே, "ஓனரு பெரியவரு. போய்ட்டாருக்கா. அதான் வண்டி சும்மா கீது. பொண்ணு குட்துட சொல்லிச்சு" என்றார்.

எங்கள் ஊர்ப்பக்கம், வயசானவரைப் பற்றி வெறுமனே 'போயிட்டாரு' என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். சீட்டை முன்னே பின்னே நகர்த்தவே வேண்டியிருக்கவில்லை. எனக்கென்றே அளவெடுத்து வைத்தது மாதிரி இருந்தது. உள்ளே லேசாக விபூதி வாசனை. வீட்டுக்காரர் பக்கத்தில் சிரமமில்லாமல் ஏறி உட்கார்ந்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி தலையாட்டினார். புரோக்கர் பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். சாவியைத் திருப்பினேன். நடுவிலிருந்த திரை நீலமாக ஒளிர்ந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, "செத்தவர் வண்டியாங்க? நமக்கு வேணுமா?" என்றேன்.

காருக்குள் யாரோ மூச்சை இழுத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் நாலு கதவிலிருந்தும் ஒரு பெண் குரல், மிக மெதுவாக: "அப்பா... யாருப்பா உன் பக்கத்துல?"

நான் உட்கார்ந்திருப்பது அவர் இடம். "இருக்கியாப்பா?" என்று குரல் மறுபடி கேட்டது. கால் தானாக அழுத்திவிட்டது போல, கார் சீறிக் கிளம்பியது. சருகெல்லாம் கண்ணாடியில் பறந்தது. குரல் கரகரத்து, துண்டு துண்டாகி, தெருமுனைக்குப் போவதற்குள் அறுந்துபோனது. வீட்டுக்காரர் டேஷ்போர்டைப் பிடித்தபடி, நிறுத்தாதே, ஓட்டு என்றார்.

முனையில் காரை நிறுத்தினேன். பின்னாலிருந்து புரோக்கர் சொன்னார்: "அக்கா, அது அவரு பொண்ணு கொரலு. கோயம்புத்தூர்ல கீது. என்னாண்ட அப்பப்ப பேசும்."

"அப்பாதான் போயிட்டாரே, அப்புறம் யாரைக் கூப்பிடுது?"

"அய்ய, போய்ட்டாருன்னா பொண்ணு ஊட்டுக்குப் போய்ட்டாருக்கா. நல்லாத்தான் கீறாரு மன்ச்சன்."

சிரித்திருப்பேன். ஆனால் வீட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்த வீடியோவெல்லாம் அப்போதுதான் உதவியது. பழைய ஓனர் போன் இன்னும் இந்தக் காரோடு புளூடூத்தில் இணைந்திருக்கிறது, அந்த போன் முப்பதடி தூரத்துக்குள் இருந்தால்தான் பேச்சு காருக்குள் வரும் என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். பெரியவர் கோயம்புத்தூரில் இருந்தால் அவர் போன் எப்படிக் காட்டுப்பாக்கத்தில் இருக்கும்? கொடியில் தொங்கிய அந்த ஒற்றை வேட்டி எனக்கு ஞாபகம் வந்தது.

ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் திட்டு வாங்கியவள் நான். அன்றைக்கு அந்தத் தெரு முழுக்கப் பின்னாலேயே ஓட்டினேன். பச்சை கேட்டுக்கு முன் வந்ததும், கொஞ்ச நேரத்தில் திரை ஒளிர்ந்தது. இந்தத் தடவை குரலில் அழுகை. "அப்பா, இப்பதானப்பா பேசினே?"

நான் திரையைப் பார்த்துச் சொன்னேன்: "அம்மா, பயப்படாதீங்க. நாங்க கார் பாக்க வந்தவங்க, வாசல்லதான் நிக்கறோம். அப்பா உள்ளயா இருக்காரு?"

பெரியவருக்கு மகள் வீட்டு ஃப்ளாட்டில் தூக்கம் வரவில்லையாம். யாரிடமும் சொல்லாமல் முந்தின நாள்தான் திரும்பி வந்திருக்கிறார். நெஞ்சை அடைக்கிறது என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குரல் நின்றுவிட்டது. அது வேறு யாராலும் இல்லை. நான் சாவியைத் திருப்பிய அந்த நொடியில், அவர் பேச்சைக் கார் பிடுங்கிக்கொண்டுவிட்டது. நாங்கள் தெருமுனைக்குப் போனதும் பேச்சு அவர் போனுக்கே திரும்பியிருக்கிறது, வாசலுக்கு வந்ததும் கார் மறுபடி பிடுங்கிக்கொண்டது. உள்ளே அவர் கூப்பிடக் கூப்பிட மகளுக்குக் கேட்கவில்லை. மகள் அழுதது அவருக்கும் கேட்கவில்லை.

புரோக்கர் கேட் ஏறிக் குதித்து எங்களுக்குத் திறந்துவிட்டார். வீட்டின் பின்கதவு வெறுமனே சாத்தித்தான் இருந்தது. ஹாலில் நாற்காலியிலிருந்து சரிந்து, வேர்வையில் பனியன் ஒட்ட, போனைக் காதில் அழுத்தியபடி கிடந்தார் பெரியவர். எங்களைப் பார்த்ததும், "லைன் செத்துப்போச்சு" என்றார், அவ்வளவுதான்.

அவரை ஏற்றும்போதுதான் கவனித்தேன். அந்தக் காரின் பின்கதவு அகலமாகத் திறந்தது, ஒரு ஆளைத் தூக்கியபடியே உள்ளே வைக்க முடிந்தது. அத்தனை வீடியோவிலும் இதை ஒருத்தரும் சொல்லவில்லை. புரோக்கர் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார், போனைத் தன் சட்டைப்பையில் போட்டார். நான் பூந்தமல்லி ரோட்டில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். அப்போதுதான் மழையும் பிடித்துக்கொண்டது. வழி நெடுக மகள் காருக்குள் பேசிக்கொண்டே வந்தாள். கண்ணை மூடாதேப்பா, எந்த சிக்னல்னு சொல்லுப்பா என்று. பின்சீட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் "ம்" என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அது வரத் தாமதமானபோதெல்லாம் நான் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். வண்டி பேசும் என்று புரோக்கர் சொன்னதை நான் விளையாட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். காரை எங்களுக்குத்தான் தருவேன் என்று பிடிவாதமாகத் தந்துவிட்டு, மகளோடே கோயம்புத்தூர் போனார். அதில்தான் தினமும் வேலைக்குப் போகிறோம். வீட்டுக்காரர் இப்போது வேலையை விடுவது பற்றிப் பேசுவதில்லை.

அந்த மகள் எப்போதாவது அப்பாவுக்காக எங்களுக்கு போன் பண்ணிப் பேசுவாள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, உங்க குரலைக் கேட்டா இன்னமும் ஒரு நொடி கை கால் ஓடல." எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அன்றைக்கு அப்பாவின் குரல் நின்ற இடத்தில், யாரென்றே தெரியாத ஒரு பெண்பிள்ளை "செத்தவர் வண்டியாங்க?" என்று கேட்டதுதான் அவள் காதில் விழுந்திருக்கிறது. நாங்கள் அவளைக் கேட்டு நடுங்கிய அந்த நேரத்தில், அவள் என்னைக் கேட்டு நடுங்கியிருக்கிறாள்.

இன்றைக்கும் யாராவது யாரையாவது பற்றி 'போயிட்டாரு' என்று சொன்னால், சட்டென்று வாயைத் திறப்பதில்லை. அப்புறம் மெதுவாக, "எங்கே?" என்று மட்டும் கேட்கிறேன்.