குளத்து மீனுக்கு அரைப் பேர்

அழகுமுத்துவைப் போலக் கோபத்தை விழுங்கிய மனுஷனை நான் எங்கள் இலங்கை மலைநாட்டு லிந்துலைப் பக்கம் பார்த்ததில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த நாலு பேரையும் குளத்திலேயே தள்ளிவிட்டு வந்திருப்பேன்.

அவன் எங்கள் தோட்டத்து ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவன். அதற்கு முன்னால் சில வருஷம் திருகோணமலையில் வெள்ளைக்காரர்களின் படகில் வேலை செய்தான். காற்று அடைத்த சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலடியில் என்னென்ன மீன் இருக்கிறது என்று எண்ணுவது அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஆள் குறைந்த நாளில் இவனையும் இறக்கினார்கள். அவர்கள் கப்பலேறிப் போன பிறகு மலைக்குத் திரும்பி, நாகலெட்சுமியைக் கட்டி, தொழிலாளர் வீட்டு வரிசைகளில் ஒன்றான கீழ்லயத்தில் குடியிருந்தான்.

கீழ்லயத்துக்குக் குடிதண்ணீர் ஃபேக்டரிக் குளத்தின் கீழ்க்கோடியிலிருந்து குழாயில் வரும். மருந்துக் கொட்டகையும் அதே கோடியில்தான். தேயிலைக்குக் கொப்புள நோய் வந்ததிலிருந்து நீல மருந்து அடிக்கிறார்களே, அந்த டின்களையும் பம்புகளையும் அங்கேதான் கழுவுவார்கள். மழை பிடித்தால் கீழ்லயத்துப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலியும் வாந்தியும். அறுபத்தொன்றாம் வருஷ மழையில் அழகுமுத்துவின் மகளும் சுருண்டு கிடந்தாள்.

கொட்டகையை வேறு பக்கம் மாற்றச் சொல்லி அவன் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனான். பிள்ளைகள் பேச்சு துரையின் காதில் ஏறவில்லை. கீழ்க்கோடியில் மீன்கூட இல்லை என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூண்டில் பைத்தியம் அவருக்கு. லயத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத மரியாதை கெண்டை மீனுக்கு இருந்தது, என்ன செய்வது. மேல்கோடியில் இருக்கிற மீன் கீழ்க்கோடியில் இல்லையென்று காட்டினால் கொட்டகையை மாற்றுவதாகச் சொன்னார். அவன் ஒருத்தன் சொன்னால் போதாது, வேறு நாலு பேரைப் பழக்கி எண்ணவைக்க வேண்டும் என்றார். கொழும்பு நண்பர் ஒருவரிடமிருந்து முக்குளிக்கிற சாமான்களை ரயிலில் வரவழைத்தும் கொடுத்தார். காற்றுத் தீர்ந்தால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். அதனால் பழகக் கொஞ்சம், எண்ணுவதற்கு ஒரே தடவை என்று பேச்சு.

சம்பளமில்லாத வேலைக்கு நாலு பேர் வந்ததே பெரிய காரியம். சோலைமலையும் அழகனும் மேல்லயத்தில் இருந்து தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர்கள். சிவசாமி கீழ்லயம், மூன்று பிள்ளைகளின் தகப்பன். பைஸர் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த சரிபுதீன் முதலாளியின் மகன், வேடிக்கை பார்க்க வந்து மாட்டிக்கொண்டவன்.

இவர்களைப் பழக்குவதற்குள் அழகுமுத்துவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குளிருக்கு ஆளுக்கு இரண்டு கம்பளி பனியன். அது நனைந்து கனத்துப்போய் அழகன் கரையேற முடியாமல் கிடந்தான். மூக்கால் மூச்சு விடாதே என்று சொன்னால் சிவசாமி மூச்சையே விடமாட்டான். மீனைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினால் சோலைமலை கையில் விலாங்கோடு மேலே வந்து, குழம்புக்கு ஆகும் என்றான். எண்ணிக் கொடுக்கவேண்டிய மீனைக் குழம்பு வைக்கப் பார்க்கிறவனிடம் என்ன பேசுவது?

தண்ணீருக்குள் எழுத முடியாது என்பதால் கூழாங்கல் ஏற்பாடு. இடுப்பில் இரண்டு பை. குளத்தின் அடியில் கட்டிய கயிற்றை ஒட்டியே போகவேண்டும். கைக்கெட்டுகிற தூரத்தில் ஒரு மீன் தெரிந்தால் இடது பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து வலது பையில் போடவேண்டும். இரண்டு கோடியிலும் கயிறு ஒரே நீளம். வலது பைகளை வைத்துத்தான் கணக்கு.

"பாத்ததை மட்டும் போடுங்க. ஒண்ணுமே இல்லேன்னா வெறும் பையோட வாங்க. அதுதான் நமக்கு வேணும்," என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்னான். நாலு பேரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை நம்பியது அவன் குற்றமில்லை.

எண்ணுகிற நாளன்று எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மேல்கோடியில் சோலைமலையும் அழகனும் இறங்கி, பை கனக்க வந்தார்கள். பிறகு கீழ்க்கோடியில் சிவசாமியும் பைஸரும் இறங்கினார்கள். அவர்கள் பையில் கொஞ்சம் கல்தான். அழகுமுத்துவுக்கு மனசு நிறைந்துபோயிற்று. துரையைக் கூட்டிவர அவனே பங்களாவுக்கு ஓடினான்.

அவன் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் கணக்கப்பிள்ளை வந்தார். கல்லை ஒவ்வொன்றாக எண்ணச் சோம்பல்பட்டுக் கொழுந்து நிறுக்கிற தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்தத் தராசைக் கண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பறித்த கொழுந்து அவர்கள் சொன்ன ராத்தலுக்குக் குறைந்தால் அன்றைக்கு முழுப் பேர் கிடையாது, அரைப் பேர்தான், அரைச் சம்பளம். அதனால் நிறுவைக்கு நிற்கும்போது பக்கத்துக்காரி கூடை குறைவாக இருந்தால், கணக்கப்பிள்ளை பார்க்காத நேரம் இரண்டு கை அள்ளிப் போடுவார்கள். யாரும் கேட்பதுமில்லை, நன்றி சொல்வதுமில்லை. சோலைமலையும் அழகனும் தங்கள் பையிலிருந்து அள்ளி அதைத்தான் செய்தார்கள்.

துரை வந்தார். நாலு பையும் தராசில் ஏறி இறங்கின. மேலும் கீழும் கிட்டத்தட்ட ஒரே நிறை. குளம் முழுக்க மீன் நன்றாக இருக்கிறது, கொட்டகை இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் துரை சந்தோஷமாகத் தூண்டில் எடுக்கப் போனார்.

அழகுமுத்து பைகளைத் திறந்து திறந்து பார்த்தான். பைஸர்தான் விஷயத்தைச் சொன்னான். "எங்க பை கொறைஞ்சு இருந்திச்சுன்னு பாவம் பாத்து ஆளுக்கு ரெண்டு கை போட்டாங்க அண்ணே." துணிக்கடையில் வளர்ந்தவனுக்கு அது ஏதோ எண்ணுகிற முறை என்று நினைப்பு.

அழகுமுத்து துரையின் பின்னாலேயே ஓடிச் சொல்லிப் பார்த்தான். தோற்றவன் கணக்கை மாற்றுகிறான் என்று துரை சிரித்தார். சிலிண்டர்கள் அடுத்த ரயிலில் கொழும்புக்குப் போயின.

திரும்பி வந்தபோது சோலைமலை குளத்தங்கரையில் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தான். ஏன்டா இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, தப்பு செய்த முகமே இல்லாமல் பதில் சொன்னான். "சிவசாமிக்கு மூணு புள்ளைங்க. தராசுல கொறைஞ்சு நின்னா நல்லாவா இருக்கும்?"

"அந்த மூணு புள்ளைங்களும் குடிக்கிற தண்ணிடா அது," என்றான் அழகுமுத்து.

சோலைமலையின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்போதுதான் அந்த மண்டையில் ஏறியது. அவனை ஏசி என்ன ஆகப்போகிறது? எனக்கு இதை எழுதும்போதுகூட ஆத்திரமாக வருகிறது. கெட்டவன் செய்த வேலையாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் சோலைமலை மேல்லயத்து ஊற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீரைத் தோளில் வைத்து மேட்டிலிருந்து இறக்கி, சிவசாமி வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனான். கொட்டகைப் பக்கம் டின் கழுவுகிற சத்தம் கேட்டது. சிவசாமியின் பெண்சாதி குடத்தை உள்ளே எடுத்துப் போனாள். கொஞ்ச நேரத்தில் அந்தத் தண்ணீரில் பாதியைச் சட்டியில் கொண்டுவந்து நாகலெட்சுமியின் குடத்தில் ஊற்றினாள். அழகுமுத்து பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அந்தக் குடத்தைத் தானே தூக்கி மகளுக்கு உள்ளே கொண்டுபோனான்.