சூடம் அணைத்த கை

1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து மூடிக் கிடந்த வானம் மூன்று மணிக்குத்தான் பெய்யத் தொடங்கியது. அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் மேற்குப் பக்கம் ஆறு ஜன்னல்கள். தாதி நான்கை மூடுவதற்குள் சாரல் கட்டில்வரை வந்துவிட்டது. அந்த மழையில் என் தம்பி காலமானார். அவருக்கு வயது ஐம்பத்தேழு.

அவருடைய முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலர் இருக்கிறது. நான் அவருக்கு ஆறு வயது மூத்தவன். முறைப்படி எனக்காக அவர் எழுதியிருக்க வேண்டியது இது. எழுத்து அவருடைய தொழில். நான் தோட்ட ஆபீசில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து, செக்ரோல் என்னும் வருகைப் பதிவும் சம்பளக் கணக்கும் பார்த்தவன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் சொல்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தம்பி 1931-இல், புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான இரண்டாம் லயத்தில் பிறந்தார். தந்தையார் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டினார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர் திரும்பவில்லை. தாயார் களை எடுத்து எங்கள் இருவரையும் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினார். தம்பி பதினெட்டாவது வயதில் சின்னக் கிராணியாக வேலைக்குச் சேர்ந்தார். தோட்டத்து அறிவிப்புகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது அவர் பொறுப்பானது. அந்தத் தமிழ் நன்றாக இருந்ததால், 1975-இல் கம்பெனியின் கோலாலம்பூர் தலைமை அலுவலகம் அவரை மக்கள் தொடர்பு அதிகாரியாக்கியது.

அது என்ன வேலை என்று உறவினர் பலர் கேட்டதுண்டு. ஒரு கல்யாண வீட்டில் எங்கள் மாமா, “என்னா மாப்ள, பேசுறதுக்குச் சம்பளம் குடுக்குறானாமே? அப்ப என் பொண்டாட்டிக்கு எவ்வளவு தரணும்?” என்று கேட்டார். பந்தியே சிரித்தது. தம்பி, “பேசுறதுக்கு இல்ல மாமா, கேட்டுட்டு வர்றதுக்குத்தான் சம்பளம்” என்றார்.

உண்மையும் அதுதான். கம்பெனி ஒரு செய்தியைத் தொழிலாளரிடம் சொல்ல வேண்டுமென்றால் தம்பி முதலில் கூட்டம் போட மாட்டார். லயத்தில் வீடு வீடாகப் போய், வாசற்படியில் உட்கார்ந்து, ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியே பேசி, அவர்கள் சொல்வதைக் கேட்பார். கடைசி வீடு முடிந்த பிறகுதான் கோயில் முன்னால் கூட்டம். அதற்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும். நிர்வாகி ஒருவர் கால் மணி நேரத்தில் படித்துவிட்டுப் போகும் அறிவிப்புக்குத் தம்பி ஒரு வாரம் எடுத்துக்கொள்வார். பதினோரு ஆண்டுகளில் அவர் கொண்டுபோன செய்தி எதையும் எந்தத் தோட்டமும் சந்தேகித்ததில்லை.

1979-இல் வட்டார மக்கள் தொடர்பாளர் சங்கத்தில் இணை உறுப்பினராகச் சேர்ந்தார். வங்கி, துறைமுகம், தொழிற்சாலை அதிகாரிகள் இருந்த சங்கம் அது. நாற்பத்தொரு பேரில் தோட்டத்திலிருந்து வந்தவர் இவர் ஒருவரே. இணை உறுப்பினருக்கு வாக்கு கிடையாது, கூட்டத்தில் பின்வரிசை. முழு உறுப்பினராக வேண்டுமானால் ஐந்து தாள் தேர்வு எழுதி, பிறகு தாமே நடத்திய ஒரு பணியின் கோப்பை மூன்று நடுவர்களிடம் காட்டித் தேற வேண்டும். வாரம் இரண்டு மாலை, வேலை முடிந்து வகுப்புக்குப் போய், கடைசி பஸ்ஸில் கோலா சிலாங்கூர் திரும்புவார். நான்கு தாள்கள் முதல் முறையிலேயே தேறின. பத்திரிகையாளர் கூட்டம் நடத்தும் தாள் மட்டும் இரண்டு முறை போய் மூன்றாம் முறை வந்தது. “ஒரு தோட்டத்தாள் பேச்ச அந்த மேசையில வச்சுக் கேக்கணும்ணே” என்பார். அதைத் தவிர அந்தச் சங்கத்திடம் அவர் வேறெதுவும் எதிர்பார்க்கவில்லை.

1985-இல் கம்பெனி தன் தோட்டமொன்றின் ஒரு பிரிவை விற்க முடிவு செய்தது. அங்கே ஐம்பத்து மூன்று குடும்பங்கள். தம்பியின் துறைத் தலைவர் அவரை அழைத்து, குடும்பத்துக்கு ஒரு வீட்டு மனை அசாம் ஜாவா பக்கம் பட்டாவோடு கொடுக்கப்படும், போய்ச் சொல்லுங்கள் என்றார். தம்பி கடிதம் கேட்டார். “லெட்டர் வரும்லா. அடுத்த மாசம் போர்டு கையெழுத்துப் போடுது. நீங்க மொதல்ல ஆளுங்கள அமைதிப்படுத்துங்க” என்று பதில் வந்தது.

தம்பி வழக்கம்போல் ஐம்பத்து மூன்று வாசற்படிகளிலும் உட்கார்ந்து எழுந்தார். ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாள் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். கம்பெனியின் படக்காரரும் வந்திருந்தார். களையெடுக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்த காளியம்மாள் எழுந்தார்.

“தம்பி, உங்க பேச்சு எங்களுக்கு நம்பிக்கைதான். ஆனா தாள்ல ஒண்ணும் இல்லையே?”

“தாள் வருதுக்கா. போர்டுல கையெழுத்தாகணும்.”

“தாள் வர்ற வரைக்கும் சூடம் இருக்குல்ல?”

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், “சார், இங்கிலீசுல சத்தியம் பண்ணிறாதீங்க, ஆத்தாளுக்கு வெளங்காது!” என்றார்.

எங்கள் தோட்டங்களில் சூடத்தை ஏற்றி, அம்மன் முன் அதை வெறும் உள்ளங்கையால் அணைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை. கடன் தகராறும், களவுப் பழியும், குடும்பச் சண்டையும் அங்கே முடிந்துபோகும். கம்பெனிக்காக வந்தவன், என் கையால் செய்ய முடியாது என்று தம்பி சொல்லியிருக்கலாம். நான் பிற்பாடு அதைக் கேட்டேன். “அங்க கைய இழுத்திருந்தா அன்னைக்கே நான் பொய்யன்ணே. ஒன்பது நாள் பேசினதுக்கு என்னா அர்த்தம்?” என்றார்.

சூடம் ஏற்றப்பட்டது. தம்பி மனைகளைப் பற்றிச் சொல்லிவிட்டு அதன் மேல் கையை வைத்து அழுத்தினார். படக்காரர் அப்போது எடுத்த படத்தில் குனிந்த தம்பியும், நெருப்பும், சுற்றிலும் சிரித்த முகங்களும் தெளிவாக விழுந்திருந்தன.

கம்பெனி அந்தப் படத்தைக் கோப்பின் அட்டையில் போட்டு, தம்பியின் பெயரில் சங்கத்துக்கு அனுப்பியது. நடுவர் மூவரும் தேர்ச்சி கொடுத்தார்கள். ஆண்டின் சிறந்த சமூகத் தொடர்புப் பணி என்ற விருதும் அதற்கே கிடைத்தது. 1986-இல் ஓர் ஓட்டலில் விருந்து. தம்பியோடு நானும் அவர் மனைவியும் போனோம். எங்களுக்குப் பதினான்காம் மேசை. மேடையில் அந்தப் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அறிவிப்பாளர், உள்ளூர் மக்களின் திறப்பு விழாச் சடங்கைப் புதுமையாகப் பயன்படுத்திய அதிகாரி என்று தம்பியைப் புகழ்ந்தார். கைதட்டல் நீண்ட நேரம் நிற்கவில்லை. தம்பி ஈயக் கேடயத்தையும் முழு உறுப்பினர் சான்றிதழையும் வாங்கி, நான்கு வாக்கியத்தில் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“திறப்பு விழாவாம்ணே” என்றார். பிறகு சாப்பிடவில்லை.

அந்தத் தேதிவரை போர்டு கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. இனித் தம் சொல்லுக்கு மதிப்பிருக்கும், கேட்டால் போடுவார்கள் என்று தம்பி நம்பினார். விருந்து முடிந்த பதினோராம் நாள் நிலம் கைமாறியது. புதிய உரிமையாளரின் ஒப்பந்தத்தில் மனை என்ற பேச்சே இல்லை. குடும்பத்துக்கு ஐந்நூறு வெள்ளி ரொக்கம், காலி செய்ய மூன்று மாதம். தம்பி துறைத் தலைவரிடம் போனார். அங்கே நடந்த பேச்சை என்னிடம் அப்படியே சொன்னார்.

“நாம சொன்னது உத்தேசம். உத்தேசம் மாறும். இப்ப நீங்க முழு மெம்பர், உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா?”

“நான் சத்தியம் பண்ணியிருக்கேன் சார்.”

“சத்தியம் பண்ணச் சொல்லி நானா சொன்னேன்? அது உங்க டெக்னிக். நல்ல டெக்னிக். கப்பு வாங்கிட்டீங்கல்ல?”

தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமையே லயத்துக்குப் போனார். நானும் உடன் போனேன். யாரும் கத்தவில்லை. எப்போதும் படியில் உட்காருபவருக்கு அன்று நாற்காலி போட்டார்கள், துரைமாருக்குப் போடுவதுபோல. காளியம்மாள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

“எங்க சூடத்தக் காட்டிக் கப்பு வாங்கினீங்களாமே தம்பி?”

“ஆமாக்கா.”

“எங்க மூஞ்சியெல்லாம் அதுல தெரியுதா?”

“தெரியுதுக்கா.”

“அப்ப பாதிக் கப்பு எங்களுக்கு. அதுல படுத்துக்குறோம்.”

சிலர் சிரித்தார்கள். தம்பி தலை நிமிரவில்லை. காளியம்மாள் குரலைத் தாழ்த்தி, “கோவிச்சுக்காதீங்க தம்பி. ஆனா ஒண்ணு. சூடத்த அணைச்சது கம்பெனி கை இல்ல, உங்க கை” என்றார்.

முப்பத்தாறு குடும்பங்கள் ரவாங்கிலும் கிள்ளானிலும் இருந்த உறவினர்களைத் தேடிப் போய்விட்டன. போக இடமில்லாமல் பதினேழு குடும்பங்கள் நின்றன. அவ்வாண்டு தம்பிக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. ஓய்வு பெற்றதும் சேமநிதிப் பணம் முழுவதையும் எடுத்தார். அசாம் ஜாவாவுக்கு அருகில் மலிவு விலை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பதினேழு குடும்பங்களுக்கும் முன்பணம் கட்டினார். மீதியை மாதத் தவணையில் அவர்களே கட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

அவர் மனைவி அன்று சொன்னதை அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். “பதினேழு குடும்பத்தோட பதினெட்டாவதா எங்களையும் சேத்துக்குங்க. நாங்களும் உங்களத்தான் நம்பி இருக்கோம்.” சொன்னதோடு சரி, பிறகு தடுக்கவில்லை.

ஆனால் முன்பணம் தம்முடையது என்று தம்பி அந்தக் குடும்பங்களிடம் சொல்லவில்லை. கம்பெனி மனம் மாறிக் கொடுத்தது என்று, பழையபடி பதினேழு வாசற்படிகளிலும் உட்கார்ந்து சொன்னார். “என் பணம்னா வாங்க மாட்டாங்கண்ணே. அதோட, கம்பெனி குடுக்கும்னுதான் நான் அணைச்சேன். கம்பெனி குடுத்ததாத்தான் இருக்கணும்” என்றார். மக்கள் நம்பினார்கள். அவர் சொல்லி அவர்கள் நம்பாதது எது? ஒரு காலை நேரம் அவர்கள் லோரி பிடித்து, மாலையும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கே நன்றி சொல்லப் போனார்கள். எதற்கு என்று தெரியாமலே துறைத் தலைவர் மாலைக்குக் கழுத்தை நீட்டினார். எதற்கு என்று தெரிந்த பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. அந்தப் படமும் கம்பெனியின் செய்தி மலரில் வந்தது.

அதன்பின் தம்பியின் உடம்பு தேறவில்லை. நீரிழிவால் இடக்காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இருதயத்துக்குத் தனியார் மருத்துவமனையில் பார்க்கலாம் என்றோம். கையில் இருந்தது மகளின் படிப்புக்கு என்று மறுத்துவிட்டார். என்னிடம் வாங்கவும் இல்லை. அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்தத் தேதிக்கு இருபத்து மூன்று நாள் இருக்கும்போது போய்விட்டார்.

இறுதிச் சடங்குக்குச் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மலர்வளையத்தில் தம்பியின் பெயருக்குப் பின்னால் முழு உறுப்பினர் என்பதற்கான எழுத்துகளைச் சேர்த்திருந்தார்கள். புதியவர்களுக்கான பயிற்சி வகுப்பில் அந்தச் சூடத்துப் படத்தை இப்போதும் காட்டுவதாக அவர்களில் ஒருவர் பெருமையோடு சொன்னார். திறப்பு விழா என்றுதான் இன்னும் சொல்கிறார்களாம். திருத்த எனக்குத் தெம்பில்லை. வந்ததற்கு அவர்களுக்கு நன்றி.

வார்டில் பதினெட்டு நாட்கள் தம்பியைப் புரட்டிப் படுக்கவைத்த தாதியர் இருவருக்கும், வாடகை வாங்காமல் உடலைக் கொண்டுவந்த வேன் ஓட்டுநருக்கும், கோலா குபு பாருவிலிருந்து வந்து பதினாறு நாளும் சமைத்துப்போட்ட மைத்துனர் குடும்பத்துக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பதினேழு வீட்டாரும் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார்கள். காளியம்மாள் தம்பியின் வலது உள்ளங்கையைத் தம் இரு கைகளிலும் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இதைப் படிக்கும்போதுதான் அவருக்கும் மற்றவர்களுக்கும் உண்மை தெரியும். தம்பி இருந்திருந்தால் இந்தப் பகுதியை அடித்திருப்பார். ஆனால் அவர் சேமநிதியைச் சூதில் விட்டார் என்றும், வீடு கொடுத்த கம்பெனிக்கு உண்மையாக இல்லை என்றும் நம் உறவினரிலேயே சிலர் திதி நாளில்கூடப் பேசுகிறார்கள். அவர் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. பதினேழு வீட்டாரும் யாருக்கும் எதையும் திருப்பித் தர வேண்டாம். அவர் மனைவியின் வேண்டுகோளும் அதுவே. முன்பணம் வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு, பத்திரச் செலவு முப்பத்தைந்து, சாமான் ஏற்றிய லோரிக்கு அறுபது. பதினேழு வீட்டுக்கும் சேர்த்து என் தம்பி கொடுத்தது இருபத்தேழாயிரத்து நூற்றுப் பதினைந்து வெள்ளி.