இரண்டு முறை ஓடிய வரி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில் ஒன்றுக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் முதலாளி, நான், சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண். அவளுக்கு அதுதான் முதல் வேலை.

எனக்கு அப்போது லிஸ்ப் பைத்தியம். அந்தப் பழைய கணினி மொழியில் மேக்ரோ என்று ஒன்று உண்டு. நாம் எழுதும் ஒரு வரியை, ஓடுவதற்கு முன்பே பத்து வரியாக விரித்துக் கொடுத்துவிடும். ஆபீசில் புழங்கிய ஜாவாஸ்கிரிப்டில் அது கிடையாது. கிடையாதென்றால் விடுவேனா? நானே ஒரு மேக்ரோ ஏற்பாட்டை எழுதி அதன் தலையில் கட்டினேன். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. கொழுப்பு, வேறென்ன.

“அண்ணே, இதுக்குள்ள என்ன நடக்குன்னே தெரியலையே” என்பாள் அந்தப் பெண்.

“நீ எழுதும்மா, மிச்சத்த அது பாத்துக்கிடும்” என்பேன்.

ஒருநாள் மில்லிலிருந்து போன். துணி மூட்டைகளில் ஒட்டும் லேபிளில் இரண்டு, நான்கு, ஆறு என்று எண் தாவுகிறது. பாதி மூட்டையைக் காணோமென்று குடோன்காரரை வறுத்தெடுத்துவிட்டார்களாம். லேபிள் பகுதியை எழுதியவள் அவள். “எண்ணக்கூடத் தெரியாதவளையா வேலைக்கு வச்சேன்?” என்று முதலாளி கத்தினார்.

“அடுத்த நம்பர் கேக்குற வரிய நான் ஒரு தடவதான சார் எழுதிருக்கேன்” என்று திரையைக் காட்டி அழுதாள். உண்மைதான்.

சாயங்காலம் அவள் போன பிறகு என் மேக்ரோவை விரித்துப் பார்த்தேன். ‘அடுத்த எண்ணைக் கொடு’ என்று அவள் எழுதியதை அது இரண்டு இடத்தில் வைத்திருந்தது: சரிபார்க்க ஒருமுறை, அச்சடிக்க ஒருமுறை. இரண்டு தடவையும் எண் நகர்ந்தது. மேக்ரோ எழுதுகிறவன் முதலில் படிக்கும் எச்சரிக்கையே இதுதான். சத்தமில்லாமல் திருத்தினேன். மறுநாள் முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்தியபோது கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஜவுளிக்கடையில் வேலையாம். “நமக்குக் கம்ப்யூட்டரெல்லாம் ஒத்துவராதுண்ணே. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சுல்ல” என்று சிரித்தாள். அதற்குமேல் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். “எப்பத் தெரியும்ணே ஒங்களுக்கு?”

“அன்னைக்குச் சாயங்காலமே.”

“நாலு வருசமா எந்தம்பி கம்ப்யூட்டரக்கூட நான் தொடலண்ணே” என்றாள். சேத்தூர் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். ராஜபாளையம் போக எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.