நாகுபெண்டா என்றால் சாப்பிட்டாயா

கல்யாணமாகி எட்டாவது மாதம், என் வீட்டுக்காரருக்குத் தான்சானியாவில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி அது. ஒரே பிள்ளை கடல் தாண்டுவதில் பட்டு நெய்யும் என் மாமனாருக்குத் துளியும் இஷ்டமில்லை. வழியனுப்ப ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குக்கூட வரவில்லை. அந்த வீம்பைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாதம் ஒரு நீலக் கடிதம் வரும். தறிக்குழியில் காலை விட்டபடி மாமனார்தான் உரக்கப் படிப்பார். ஆனால் பிள்ளைக்கு ஒரு வரி எழுதியதில்லை. பதிலெல்லாம் நான்தான். அங்கே பெரியவர்களைக் கண்டால் 'ஷிக்காமோ' என்பார்களாம், 'உங்கள் காலைப் பிடிக்கிறேன்' என்று அர்த்தமாம். 'அப்பாவுக்கு என் ஷிக்காமோ' என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

"இங்க இருந்து புடிக்காதவன் அங்கருந்து புடிக்கிறானா?" என்றார் மாமனார்.

அடுத்த கடிதம் 'நாகுபெண்டா' என்று முடிந்தது. அர்த்தம் எழுதவில்லை.

"பெண்டாவா?" மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "இன்னாது, அங்கியே ஒரு பெண்டாட்டிய சேத்துக்கினானா?"

சிரிக்க வேண்டிய பேச்சு. எனக்கோ சிரிப்பு வரவில்லை. மறுநாளே டவுன் பஸ் பிடித்துச் சேவூர் போனேன். அங்கே ஒரு நர்ஸம்மா, தான்சானியாவில் சில வருஷம் வேலை பார்த்துத் திரும்பியவர். கடிதத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உம்மேல ஆசையா இருக்கேன்னு அர்த்தம்மா. மாமனார் படிப்பாருன்னு மறைச்சு எழுதியிருக்காரு."

திரும்பும்போது டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். அதுவும் இனித்தது. வீட்டில் கேட்டதற்கு வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சாப்ட்டியான்னு கேக்கறது மாமா."

நான் பதில் எழுதி ஒட்டப் போகும்போது மாமனார் கையை நீட்டினார். "குடும்மா. அவன் அங்க இன்னா துன்றானோ." அடியில் கோணல்மாணலாக எழுதினார்: 'நாகுபெண்டா. இப்படிக்கு அப்பா.'

தடுத்திருக்கலாம். நான் சொன்னது பொய்தான், உறுத்தவும் செய்தது. ஆனால் அவர் எழுதியதில் பொய்யே இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த கடிதம் மாமனார் பெயருக்கே வந்தது. உரக்கப் படிக்க ஆரம்பித்தார். 'அப்பா, உங்கள் கையெழுத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். நாகுபெண்டா அப்பா, நாகுபெண்டா.' அதற்கு மேல் படிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாப்ட்டேன்டா கண்ணு" என்று அந்தக் கடிதத்தைப் பார்த்தே சொன்னார். நான் அன்றைக்கு இன்னும் உலைகூட வைத்திருக்கவில்லை.