உச்சந்தலையில் தட்டாதீர்கள்

போன மாதம் பேரையூரில் என் கணவரின் உறவில் ஒரு காதுகுத்து. கறிவிருந்துப் பந்தியில் நான் வாய் நிறையக் கவளத்தோடு இருந்தபோது, பரிமாற வந்த கணவரின் பெரியம்மா, "என்னத்தா, அடுத்த புள்ள எப்ப?" என்றார். சுற்றிலும் சிரிப்பு. பெரியவர்கள் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும் என்றுதானே வளர்த்திருக்கிறார்கள்! வாயைத் திறந்தேன். கறித்துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிட்டது.

எனக்கு இருமல்கூட வரவில்லை. பெரியம்மாவோ என் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்கிறாக" என்கிறார். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற வந்தார்.

நர்ஸ் வேலை பார்க்கும் என் நாத்தனார், "தள்ளுங்க, மதினிக்கு மூச்சே வரல!" என்று கத்தியபடி என்னைக் குனியவைத்து, முதுகில் உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஐந்தாவது அடியில் துண்டு வெளியே விழுந்தது.

"முழுங்கும்போது குரல்வளைக்கு மேல இருக்குற மூடி மூச்சு வழிய அடைச்சுக்கிரும் மதினி. பேசுனா தொறந்துரும்" என்றாள்.

இப்போதெல்லாம் சாப்பிடும்போது யார் கேட்டாலும் கையை மட்டும் காட்டுகிறேன். "மருமக திமிரப் பாரு" என்கிறார்கள். சொல்லட்டும். விழுங்கிய பிறகுதான் பதில். பெரியம்மாவின் அந்தக் கேள்விக்கு மட்டும், விழுங்கிய பிறகும் பதில் கிடையாது.